டர்பன் கடற்கரையில் சனிக்கிழமைதோறும் ஐந்து கிலோமீட்டர்: பார்க்ரன் குறித்து ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நார்த் பீச் நடைபாதையில் சனிக்கிழமை காலைகளில் நடைபெறும் பார்க்ரன் என்னும் இலவச ஓட்ட நிகழ்வுக்கு நான் கடந்த மூன்று ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். முதல்முறை சென்றபோது எனக்கு வயது 49. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் பிறகு பேருந்தைப் பிடிப்பதற்காக அன்றி வேறு எதற்காகவும் நான் ஓடியதில்லை. இன்று வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன். பார்க்ரன் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 96 ஓட்டங்கள் என்ற எண்ணிக்கை இருக்கிறது. இந்த வயதில் ஓடத் தொடங்கலாமா, அதனால் என்ன கிடைக்கும், எங்கே போய்த் தொடங்குவது என்று உறவினர்களும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர்களும் கேட்டுக்கொண்டே இருப்பதால், அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். புதிதாக ஓட விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கத்தை இந்த ஊரில் நான் காணவில்லை என்பதே என் முடிவு. ஆனால் இது மட்டுமே ஒருவரை ஓட்டக்காரர் ஆக்கிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செயல்முறை எளியது. இணையதளத்தில் ஒரே ஒரு முறை பெயர், பிறந்த தேதி, அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் உங்களுக்கென்று ஒரு பார்கோடு கிடைக்கும். அதன்பின் எந்தச் சனிக்கிழமையும், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு ராண்ட்கூடச் செலவழிக்காமல் போய் நிற்கலாம். புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் அன்றைய பொறுப்பாளர் பாதையையும் விதிகளையும் விளக்குவார். முதல்முறை வந்தவர்களைத் தனியே அழைத்துப் பேசுவதும் உண்டு. பிறகு எல்லோரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். ஓடலாம், நடக்கலாம், சிறிது ஓடிச் சிறிது நடக்கலாம். ஐந்து கிலோமீட்டரை முடித்து எல்லைக்கோட்டைக் கடந்ததும் ஒருவர் கையில் ஒரு டோக்கனைத் தருவார். இன்னொருவர் அந்த டோக்கனையும் உங்கள் பார்கோடையும் கைப்பேசியால் பதிவு செய்துகொள்வார். அன்றைய தினமே உங்கள் நேரம் மின்னஞ்சலில் வந்து சேரும். இத்தனையையும் செய்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். போன வாரம் உங்களோடு ஓடியவரே இந்த வாரம் நேரம் குறிக்கும் கருவியோடு நிற்பார்.

இந்த ஏற்பாடு 2004 அக்டோபர் 2 அன்று லண்டனில் உள்ள புஷி பூங்காவில் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கியது. அதைத் தொடங்கிய பால் சின்டன் ஹியூவிட் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். காயத்தால் ஓட முடியாமல் இருந்த காலத்தில், ஓட்டத்தால் கிடைத்த நண்பர்களை இழந்துவிடக் கூடாது என்று நினைத்து, அவர்களை ஓடச் செய்து தாம் நேரம் குறித்துக் கொடுத்தார். அப்போது டோக்கன்களாகப் பயன்பட்டவை இரும்புக் கடையில் வாங்கிய வாஷர்கள். தென்னாப்பிரிக்காவுக்கு இதை 2011இல் கொண்டுவந்தவர், எங்கள் மாகாணத்தின் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸ் மாரத்தானை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ். ஜோகன்னஸ்பர்க்கின் டெல்டா பூங்காவில் முதல் ஓட்டம் நடந்தது. இன்று 20க்கும் மேற்பட்ட நாடுகளில் இது நடக்கிறது; இங்கே வாங்கிய பார்கோடு அங்கெல்லாம் செல்லும். ஓட முடியாத ஒருவர் பிறரோடு சேர்ந்திருப்பதற்காகத் தொடங்கியது என்பது இதன் ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது என்பதால்தான் இந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

இனி இடத்தைப் பற்றி. நார்த் பீச் பாதை கடலை ஒட்டிய அகலமான நடைபாதை. ஏற்ற இறக்கம் அநேகமாக இல்லை, தரை கெட்டியானது, ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறு பக்கம் விடுதிகளும் நகரமும். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டப்பட்ட மோசஸ் மபிடா அரங்கத்தின் வளைவு சிறிது தொலைவில் தெரியும். கிழக்கு நோக்கிய கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்துக்கொண்டே உடலைத் தளர்த்தும் பயிற்சிகளைச் செய்யலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கெட்டியான தரையைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. ஆனால் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து ஓட வேண்டிய தேவை இல்லாத சமதளம் என்பது, தடுமாறி விழும் அச்சம் உள்ள மூத்தவர்களுக்குப் பெரிய ஆறுதல் என்பதை என் மாமியாரை அழைத்துச் சென்றபோது உணர்ந்தேன்.

இந்தக் கடற்கரையைப் பற்றி நான் எழுதும்போது என் தந்தையை விட்டுவிட்டு எழுத முடியாது. அவர் இளைஞராக இருந்த காலத்தில் டர்பன் கடற்கரை நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தது. எந்த மணலில் யார் உட்காரலாம், எந்த அலையில் யார் குளிக்கலாம் என்பதைப் பலகைகள் சொல்லின. 1953இன் தனி வசதிகள் சட்டம் அதற்குத் துணை நின்றது. 1989இல்தான் நாட்டின் கடற்கரைகள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வரும் ஜூன், ஜூலை மாதங்களில் அவர் எங்களை, டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்திலிருந்து பேருந்தில் கடலுக்கு அழைத்துவருவார். மீனைப் பார்ப்போம், வாங்குவோம், திரும்பிவிடுவோம். அந்த நடைபாதையில் காரணமின்றி உலாவியதாக எனக்கு நினைவே இல்லை. திறந்துவிட்ட பிறகும் பல ஆண்டுகள் அவர் அங்கே வந்தால் ஓரமாகவே நடப்பார். இன்று ஆயிரம் பேர் கூடும் காலைகளில், சுலு பேசும் இளைஞர்களும், வெள்ளைக்கார முதியவர்களும், தலையில் முக்காடிட்ட முஸ்லிம் பெண்களும், நெற்றியில் திருநீறோடு வரும் நம்மவர்களும் ஒரே கோட்டின் பின்னால் நின்று ஒரே குரலுக்குப் புறப்படும்போது, ஓட்டத்தின் பயனாக எதை முதலில் சொல்வது என்று கேட்டால், எடை குறைந்ததையோ சர்க்கரை இறங்கியதையோ நான் சொல்வதில்லை. அந்தப் பாதையின் நட்டநடுவில் ஓடுவதைத்தான் சொல்வேன்.

என் முதல் நாளில் நான் ஓடவில்லை. ஏறக்குறைய முழுவதும் நடந்தேன். 54 நிமிடங்கள் ஆயின. அங்கே எனக்குத் தெரியாத ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு பார்க்ரனிலும் ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் வருவார். கடைசியாக எல்லைக்கோட்டைக் கடப்பவர் அவரே. ஆகவே பங்கேற்பவர் எவரும் கடைசி ஆவதில்லை. அன்று அந்தப் பொறுப்பில் வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. நான் தளர்ந்தபோதெல்லாம், “வா தங்கச்சி, அவசரமே இல்லை, என்னோடு பேசிக்கொண்டே வா” என்றார். தமிழில் அவருக்கு அந்த அளவுக்குத்தான் வரும், மீதியை ஆங்கிலத்தில் பேசினார். ஆனால் அந்தத் தங்கச்சி என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. நாங்கள் இருவரும் வந்து சேரும்வரை நேரக் கருவியோடு நின்றவரும், டோக்கன் கொடுப்பவரும், பாதைத் திருப்பத்தில் வழிகாட்டியவரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். கைதட்டினார்கள். அதில் இரக்கம் எதுவும் தெரியவில்லை. முதலில் வந்தவருக்கும் அப்படித்தான் தட்டியிருப்பார்கள் என்று பட்டது.

இதன் அருமையை இந்தக் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வளர்ந்தவர்களே முழுவதும் உணர்வார்கள். ஏனெனில் இங்கே ஓட்டம் என்றாலே காம்ரேட்ஸ்தான். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக விக் கிளாபம் என்பவர் 1921 மே 24 அன்று தொடங்கிவைத்த அந்த ஓட்டத்தில் 34 பேர் புறப்பட்டு 16 பேர் முடித்தார்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஓர் ஆண்டு மேலேறும் திசை, இன்னோர் ஆண்டு கீழிறங்கும் திசை என்பது பொதுவான வழக்கம். பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் முறைப்படி ஓட அனுமதிக்கப்பட்டது 1975இல்தான். சிறு வயதில் தாத்தாவின் வீட்டில் காலையிலிருந்து மாலை வரை தொலைக்காட்சியில் அதையே பார்ப்போம். அப்போதைய எல்லையான பதினொரு மணி நேரம் முடிந்ததும், ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் துப்பாக்கியை வெடிப்பார். அந்த ஒலிக்கு ஒரு நொடி பிந்தியவருக்கும் பதக்கம் இல்லை. எல்லைக்கோட்டுக்கு ஓர் அடி முன்னால் விழுந்தவர்களைப் பார்த்து எங்கள் ஆயா கண்ணைத் துடைத்துக்கொள்வார். காம்ரேட்ஸை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் அந்த ஓட்டத்துக்கு அந்தப் பெருமை இல்லை. ஆனால் ஓட்டத்தை அப்படி மட்டுமே பார்த்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு, ஓடுவது என்பது அசாதாரணமான மனிதர்கள் செய்யும் வேலை, நம்முடைய வேலை சாலையோரம் நின்று தண்ணீர்ப் பை நீட்டுவது என்ற எண்ணம் படிந்துவிட்டது. காத்திருந்து கைதட்டும் ஓர் ஓட்டமும் உண்டு என்று எனக்குக் காட்டியது பார்க்ரன்.

உடலுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் அதிகம் என்பதால் அதையும் விளக்கமாகவே சொல்கிறேன். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். என் தாய், இரண்டு சித்தப்பாக்கள், மூத்த அண்ணன் என வரிசையாக வந்து எனக்கும் 47ஆம் வயதில் வந்தது. ஓடும்போது தொடைத் தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலேயே உள்ளிழுத்துக்கொள்கின்றன. ஓட்டம் முடிந்த பிறகும் பல மணி நேரம் உடல் இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் எனக்கு 8.1 ஆக இருந்தது முதல் ஆண்டு முடிவில் 6.9 ஆனது. ஓட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஓடத் தொடங்கியபின் இரவில் பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய டர்பன் உணவு) வாங்கிச் சாப்பிடுவதும் குறைந்தது, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொள்வதும் கூடியது. ஒரு பழக்கம் மற்றப் பழக்கங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் ஓட்டத்தின் நடுவிலோ பின்னரோ சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்; குளுக்கோஸ் மாத்திரையோ மிட்டாயோ பையில் இருக்கட்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தவர்கள் சோதனை செய்துகொள்ளாமல் ஓடவே கூடாது.

எடை நான் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. ஆண்டுக்கு நான்கு கிலோதான். உறக்கம் மட்டும் முதல் மாதத்திலேயே மாறிவிட்டது. அதைவிட நான் எதிர்பாராதது, மனத்தில் ஏற்பட்ட மாற்றம். வீட்டிலும் வேலையிலும் ஒரு வேலை முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். எதுவும் முடிந்தது என்று சொல்ல முடியாது. ஐந்து கிலோமீட்டர் முடிந்துவிடுகிறது. அது எத்தனை நிமிடம் என்பதும் தெரிந்துவிடுகிறது. தந்தையை இழந்த ஆண்டில் அந்த ஒரு காலை நேரம்தான் என்னை வாரத்தோடு பிணைத்து வைத்திருந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி பார்க்ரன் தராதவற்றைச் சொல்ல வேண்டும். அது பயிற்சி தருவதில்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஐந்து கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடி மற்ற ஆறு நாளும் உட்கார்ந்திருப்பவர், காயத்தைத் தேடிக்கொள்கிறார். நானே அந்தத் தவற்றைச் செய்தேன். மூன்றாம் மாதத்தில் 40 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு வாராவாரம் விரட்டியதில் இரண்டு முன்காலெலும்புகளிலும் வலி வந்து ஐந்து வாரம் ஓட முடியாமல் போயிற்று. நெஞ்சும் மூச்சும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாரும் அந்த வேகத்தில் தேறுவதில்லை. மூச்சு வாங்கவில்லை என்பதால் கால் தயாராகிவிட்டது என்று பொருள் இல்லை. பிறகுதான் ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்யும் ஒன்பது வாரத் திட்டத்தைப் பின்பற்றினேன். ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர் 1996இல் வகுத்தது அது. ‘கவுச் டு ஃபைவ் கே’ என்ற பெயரில் கைப்பேசிச் செயலிகளாகவும் கிடைக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடப்பது என்று தொடங்கி, மெல்ல மெல்ல அரை மணி நேரம் தொடர்ந்து ஓடுவதில் முடிகிறது. ஒன்பது வாரத்தை நான் பதினான்கு வாரத்தில் முடித்தேன். கடினமாகத் தோன்றிய வாரத்தை இரண்டு முறை செய்தேன். அப்படிச் செய்வதில் தவறே இல்லை. வேகத்துக்கு அளவுகோல் ஒன்றுதான்: ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நான் அபிராமி அந்தாதியில் ஒரு பாடலை மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். நாலாம் அடி வரை மூச்சு தாங்கினால் சரியான வேகம்.

காலணியும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நான் முதலில் ஒரு பேரங்காடியில் உள்ள பெரிய கடையில், விலை கூடுதலாக இருப்பதே நல்லது என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, வழக்கமான அளவிலேயே ஒரு ஜோடி வாங்கினேன். என் காலை அவர் அளக்கவும் இல்லை, அணிந்து நடந்து பார்க்கச் சொல்லவும் இல்லை. நான்கே வாரத்தில் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். ஓடும்போது பாதம் வீங்கி நீளும் என்பதால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது, சனிக்கிழமை ஓட்டத்துக்குப் பின் காப்பி குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாலையில், கால் சற்றுப் பெருத்திருக்கும் நேரத்தில், ஓடும்போது போடும் காலுறையோடு சென்று வாங்குங்கள். கடைக்குள்ளேயோ வாசலிலோ சிறிது ஓடிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதியின் மென்மை போய்விடும். மேற்புறம் புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மற்றபடி விலை உயர்ந்த கடிகாரமோ, உடையோ எதுவும் தேவையில்லை. பெண்களுக்கு மட்டும், ஓட்டத்துக்கென்று தைத்த நல்ல உள்ளாடை காலணிக்கு இணையான அவசியம். அதைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

டர்பனின் தட்பவெப்பத்தை வெளியூர்க்காரர்கள் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காலையிலேயே காற்றில் ஈரம் கனத்துக் கிடக்கும். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். ஆவியாகாத வியர்வையால் உடல் குளிர்வதில்லை. அந்த மாதங்களில் என் நேரம் மூன்று, நான்கு நிமிடம் கூடிவிடும், அதை நான் பொருட்படுத்துவதில்லை. ஜூன், ஜூலையில் வானம் தெளிந்து காற்று உலர்ந்திருக்கும். தொடங்குவதற்கு அதுவே ஏற்ற காலம். வடகிழக்குக் காற்று வலுத்த நாள்களில் ஒரு திசையில் சிறகு முளைத்ததுபோல் இருக்கும், திரும்பும்போது காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம் இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். வெறும் வயிற்றில் ஓடி முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, பெருமாளுக்கு விளக்கேற்றிய பின்பே சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த மாதத்தில் நடப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பெண்கள் தனியாக ஓடுவதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். எங்கள் குடியிருப்புத் தெருக்களில் விடியற்காலையில் நான் தனியே ஓடுவதில்லை. பயம்தான் காரணம், அந்தப் பயம் பொய்யானதும் அல்ல. நூற்றுக்கணக்கானவர்களோடு, வழிநெடுகத் தன்னார்வலர்கள் நிற்க, பகல் வெளிச்சத்தில் ஓடக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம், எங்களைப் போன்றவர்களுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத சுதந்திரம். மற்ற இரண்டு நாளும் அங்கே அறிமுகமான மூன்று பேரோடு சேர்ந்துதான் ஓடுகிறேன். ஒருவர் செவிலியர், ஒருவர் கணக்காளர், ஒருவர் கோயில் சமையலில் உதவுபவர். பார்க்ரன் இல்லாவிட்டால் நாங்கள் நால்வரும் சந்தித்திருக்கவே மாட்டோம். பெரும் கூட்டம் கூடும் நிகழ்வுகளில் புறப்படும் இடத்தில் நெரிசல் இருக்கும். புதியவர்கள் நடுவிலோ முன்னாலோ நிற்காமல் பின்பகுதியில் நின்றால் எந்தத் தொல்லையும் இல்லை. கூட்டத்தை விரும்பாதவர்களுக்கு மாகாணத்தில் சிறிய, மரநிழலான பார்க்ரன்களும் உள்ளன.

பார்கோடு இல்லாமல் ஓடினால் நேரம் பதிவாகாது. இந்த விதியில் விலக்கு இல்லை. சிலர் இதைக் கடுமை என்கிறார்கள். சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்களின் மதிய நேரத்தையும் எடுத்துக்கொள்ளாமல் இருக்க இது வேண்டும் என்பது என் எண்ணம். 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெரியவரின் கைக்கெட்டும் தொலைவிலேயே ஓட வேண்டும் என்பதும் அப்படியே. துள்ளும் பிள்ளையை வைத்திருப்பவர்கள் தங்கள் வேகத்தை மறந்துவிட வேண்டியிருக்கும். 2024இல் பார்க்ரன் தன் இணையதளத்திலிருந்து பாதைவாரியான மிகச் சிறந்த நேரங்கள் போன்ற சாதனைப் பட்டியல்களை நீக்கியபோது வேகமாக ஓடுபவர்கள் பலர் வருந்தினார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. வேகமும் ஓர் உழைப்பின் பலன்தானே. ஆனாலும் புதிதாக வரும் ஒருவர் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலாக இருக்க வேண்டியதில்லை என்ற முடிவை நான் ஏற்கிறேன். ஒருவருடைய சொந்த நேரங்கள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. வயதையும் பாலினத்தையும் கணக்கில் கொண்டு உங்கள் நேரத்தை மதிப்பிட்டுத் தரும் விழுக்காடும் இருக்கிறது. அதன்படி பார்த்தால் என்னுடைய 36 நிமிடத்தைவிட, 71 வயதில் 50 நிமிடத்தில் நடந்து முடிக்கும் என் மாமியாரின் நேரம் அப்படியொன்றும் பின்தங்கியதில்லை. அந்த எண்ணை அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் பகிர்கிறார்.

25, 50, 100, 250 என்று எண்ணிக்கை எட்டும்போது அதற்குரிய நிறச் சட்டையை வாங்கி அணிந்துகொள்ளலாம். தன்னார்வப் பணிக்கும் அதேபோல் எண்ணிக்கை உண்டு. எவ்வளவு வேகமாக வந்தீர்கள் என்பதற்குச் சட்டை இல்லை, எத்தனை முறை வந்தீர்கள் என்பதற்குத்தான். இதைத் தாண்டிப் பத்து கிலோமீட்டர், அரை மாரத்தான் என்று போக விரும்புகிறவர்கள் ஓட்டக் கழகம் ஒன்றில் சேர்வது நல்லது; பந்தயங்களுக்கு நுழைவுக் கட்டணமும் தடகள உரிமமும் தேவைப்படும். நான் சென்ற ஆண்டு ஒரு பத்து கிலோமீட்டர் பந்தயம் ஓடினேன். மகிழ்ச்சியாகவே இருந்தது, ஆனாலும் அடுத்த சனிக்கிழமை நார்த் பீச்சுக்கே திரும்பினேன்.

முதல்முறை வருகிறவர்கள், புறப்படும் நேரம் இடத்துக்கு இடம் மாறுவதால் முந்தின நாளே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முன்னதாக வந்தால் வண்டி நிறுத்த இடம் தேடும் பதற்றம் இருக்காது. பார்கோடைக் கைப்பேசியிலேயே காட்டலாம். வியர்வையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையிட்டு அச்சிட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒரு புட்டித் தண்ணீரும், முடிந்தபின் போட்டுக்கொள்ள ஒரு மாற்றுச் சட்டையும் போதும். வரும் சனிக்கிழமை எல்லோருக்கும் பின்னால் வரும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே அன்று எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நீங்கள் எனக்கு முன்னால்தான் இருப்பீர்கள்.